இரவில் இரண்டு வரி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், கோபத்தைப் பற்றிக் கேட்டிருந்த ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "படுக்கப் போகும் முன் அன்று நடந்ததை இரண்டு வரி எழுதிப் பாருங்கள்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். சிலர் சண்டையே போட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். சமையல், சினிமா, அரசியல் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை இதை மட்டும் பேசலாம். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 36. விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறேன். நல்ல பேச்சுகள் நிறையக் கேட்பேன், நல்ல புத்தகங்களும் படிப்பேன். தினமும் காலையில் "இன்று யார் மேலும் எரிந்து விழக்கூடாது" என்று நினைத்துக்கொண்டுதான் எழுகிறேன். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்த அரை மணி நேரத்தில் மனைவி மேலோ பையன் மேலோ கத்தியிருப்பேன். ராத்திரி வருத்தப்படுவேன். மறுநாளும் அதேதான். இவ்வளவு தெரிந்தும் ஏன் மாறவில்லை? (ஈரோடு)

பதில்: கோபம் கூடாது என்று உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. உங்கள் கோபம் எப்போது வருகிறது, எதைத் தொட்டு வருகிறது, வருவதற்கு முந்தின பத்து நிமிஷம் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், அது இன்னும் தெரியவில்லை. எந்தப் பேச்சாளரும் அதை உங்களுக்குச் சொல்ல முடியாது, அவருக்கு உங்கள் வீட்டு வாசற்படியைத் தெரியாது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்மாவுக்கு அப்போது 81 வயது. ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு "ஏம்மா, கேஸை மூடிட்டியா?" என்று கேட்பாள். "மூடிட்டேன்மா" என்பேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. ஒரு நாள் நான்காவது தடவை கேட்டபோது, "எத்தனை தடவை சொல்றது, காது கேக்கலையா உனக்கு?" என்று நான் போட்ட சத்தத்தில், கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த அவள் விரல்கள் அப்படியே இறுகின. ஒன்றும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த விரல்கள் அன்றைக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

எழுந்து போய், பையனின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். "இனிமேல் பொறுமையாக இருப்பேன்" என்று எழுதவில்லை, அதைப் பல வருஷம் எழுதி எழுதிப் பார்த்தாயிற்று. நடந்ததை மட்டும் எழுதினேன். மணி என்ன, அம்மா என்ன கேட்டாள், நான் சொன்ன வார்த்தை என்ன, அதற்கு முன்னால் என்ன வேலையில் இருந்தேன், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்துப் புரட்டினால் பதினோரு நாள் கத்தியிருக்கிறேன். அதில் ஒன்பது நாள், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, செருப்பைக் கழற்றியதும் நேரே அடுப்படிக்குப் போய், எல்லோருக்கும் போட்டுவிட்டு, ஒன்பதரை மணிக்கு நான் மட்டும் இன்னும் சாப்பிடாமல் நின்றுகொண்டிருந்த நாள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. "எனக்கு எங்க அப்பா மாதிரி முன்கோபம்" என்று நாற்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்த ஒன்பது நாளும் வயிறு காலியாக இருந்திருக்கிறது.

இன்னொன்று கொஞ்சம் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. அம்மா சொன்னதை அப்படியே எழுதிவைத்திருந்தேன் இல்லையா, பக்கம் பக்கமாக அந்த ஒரே கேள்விதான் இருந்தது. வேறு பேச்சே இல்லை. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்தவளுக்கு என்னிடம் பேச அந்த ஒரு வாக்கியம்தான் மிஞ்சியிருந்ததோ என்று தோன்றியது. என் நினைப்பு தப்பாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் அவள் கேட்டதும் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்ப்பாள், "சரி" என்பாள், அங்கேயே நின்று பக்கத்து வீட்டுக் கதை ஒன்று சொல்வாள். இப்போதும் கேட்கிறாள், ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை. நானும் வந்ததும் ஒரு டம்ளர் மோராவது குடித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடுகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் கத்திவிட்டேன். அதையும் எழுதினேன்.

இது புதிய வழி ஒன்றும் இல்லை. சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னால் ரோமில் வாழ்ந்த செனெகா என்ற தத்துவ ஞானி, கோபத்தைப் பற்றி எழுதும்போது தன் ராத்திரி வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார். விளக்கை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவர் வழக்கம் தெரிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாள் முழுவதையும் தனக்குத் தானே விசாரித்துப் பார்ப்பாராம், எதையும் மறைக்காமல். அவர் சொல்லும் உதாரணங்கள் எவ்வளவு சின்னவை என்று பாருங்கள். அந்த வாக்குவாதத்தில் ரொம்ப முறைப்பாகப் பேசிவிட்டாய். அந்த ஆளைக் கண்டித்தபோது அளவு மீறிவிட்டாய், அதனால் அவர் திருந்தவில்லை, மனம் புண்பட்டதுதான் மிச்சம். இப்படியெல்லாம் பார்த்துவிட்டு, இனி இதைச் செய்யாதே, இந்தத் தடவை மன்னித்தேன் என்று தனக்கே சொல்லிக்கொள்வார்.

அந்த மன்னிப்பை நீங்கள் கவனிக்க வேண்டும். நீங்கள் ராத்திரி வருத்தப்படுகிறீர்கள், உண்மையாகத்தான் வருத்தப்படுகிறீர்கள். ஆனால் வருத்தப்பட்டதோடு அன்றைய கடன் தீர்ந்ததாக மனசு எடுத்துக்கொண்டு விடுகிறது. நடந்ததை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அதனால் மறுநாள் அதே வாசற்படி, அதே அரை மணி நேரம்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். பத்து மணி நேரம் அப்படிப் பேசிய தொண்டையோடு, அதே குரலோடு வீட்டுக்குள் வருகிறீர்களோ? பையன் ரிமோட்டைக் கீழே போட்டதற்கு நீங்கள் சாதாரணமாகச் சொன்னதாக நினைப்பது அவன் காதில் எப்படி விழுகிறதோ? இது என் ஊகம்தான். ஒரு மாதம் எழுதுங்கள், பணம் வராத நாளா, கரண்ட் போய் வேலை நின்ற நாளா, சத்தமா, பசியா என்று உங்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம், கத்திய நாளில் மனைவியிடம் பொதுவாக "மன்னிச்சுக்கோ" என்று முடிக்காதீர்கள். "சாம்பாரைப் பத்தி நான் அப்படிச் சொன்னது தப்பு" என்று, எதைச் சொன்னீர்களோ அதைச் சொல்லிக் கேளுங்கள். சொல்ல நாக்கு எழாது. எவ்வளவு எழவில்லையோ அவ்வளவு அது வேலை செய்யும்.

கேள்வி: எந்தப் பழக்கத்தையும் 21 நாள் விடாமல் செய்தால் அது ஒட்டிக்கொண்டுவிடும் என்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து படிப்பதை 22 நாள் செய்தேன். 23-ஆவது நாள் தூங்கிவிட்டேன், அதோடு விட்டுப்போயிற்று. என்னிடம்தான் கோளாறா? (சென்னை, கல்லூரி மாணவி)

பதில்: இல்லை கண்ணு, கோளாறு அந்த 21-இல். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து வந்த எண் அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகம் பழக்கப்பட நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்துச் சொன்னார். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகப் போக "குறைந்தது" கழன்றுவிட்டது, முகமும் கழன்றுவிட்டது, 21 மட்டும் நின்றுவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் இதையே நேராகப் பார்த்தார்கள். 96 பேர், ஆளுக்கு ஒரு பழக்கம், மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் ஓடுவது என்கிற மாதிரி. யோசிக்காமல் தானாக வருகிற அளவுக்கு ஆகச் சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது, நடுவில் நிற்கும் எண் 66. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நாளானது. உனக்கு வேண்டிய விஷயமும் அதிலேயே இருக்கிறது: நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் எதுவும் வரவில்லை.

ஆகவே 23-ஆவது நாள் உன்னைக் கெடுக்கவில்லை. 24-ஆவது நாள் "போச்சு" என்று முடிவு கட்டினாய் பார், அதுதான் கெடுத்தது. 22-ஆவது ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று மட்டும் எழுதிப் பார். ஐந்து மணிக்கு எழுவது என்பது முந்தின நாள் ராத்திரி பத்து மணி வேலை, பெரும்பாலும் போனை எங்கே சார்ஜ் போடுகிறோம் என்பதில் வந்து நிற்கும். கூடத்தில் போடு.

கேள்வி: வயது 58, இந்த வருஷம் ஓய்வு பெறுகிறேன். எதிலும் குறை சொல்லுகிற ஆள் என்று வீட்டில் எனக்குப் பெயர். போன வாரம் என் மகள், "அப்பா, ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? இனிமேல் எழுதி என்ன ஆகப்போகிறது? (தஞ்சாவூர்)

பதில்: ஐயா, அந்தப் பழமொழியையும் "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பதையும் பிள்ளை வளர்க்கிறவர்களை எச்சரிக்கத்தான் சொல்லிவைத்தார்கள் என்று நினைக்கிறேன். வளர்ந்தவர்கள் அதைத் தங்களுக்குச் சாக்காக எடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. மனிதர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த உளவியல் ஆய்வுகள், குணம் நடுவயதுக்கு அப்புறமும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்று சொல்கின்றன.

மதுரை மேலமாசி வீதியில் அந்த மாடி வீட்டைப் பார்த்திருப்பீர்கள். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழங்கால் வரைக்கும் வேட்டியோடு வெளியே வந்த இடம். அது ஏதோ ஒரு காலையில் திடீரென்று வந்த உணர்ச்சி என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவரே எழுதியதைப் பார்த்தால் அப்படி இல்லை. அதற்கு முன்னால் இரண்டு தடவை அந்த எண்ணம் வந்திருக்கிறது, இரண்டு தடவையும் தள்ளிப்போட்டிருக்கிறார். சுதந்திரப் போராட்டத் தலைவர் மௌலானா முகமது அலி கைதானபோது செய்திருக்கலாம், அப்போது செய்தால் வெறும் பரபரப்பாகிவிடுமோ என்று யோசித்து விட்டிருக்கிறார். அப்புறம் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தில், கதர் வாங்கக் காசில்லை என்று ஜனங்கள் சொல்லச் சொல்ல, மூன்றாவது தடவை மதுரையில் செய்துவிட்டார். அப்போதும் முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் அறிவித்தார், கடைசிவரை அதுவே நின்றது. அன்றைக்கு அவருக்கு 52 வயது நிறைய இன்னும் பத்து நாள் இருந்தது.

உங்கள் விஷயத்துக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறவர், அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின். இருபது வயதுகளில் பன்னிரண்டு நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரம் ஒன்றாகத் தன்னைக் கவனித்து, தவறிய இடத்தில் நோட்டில் கறுப்புப் புள்ளி வைத்தார். பட்டியலைப் பார்த்த ஒரு நண்பர், உனக்குக் கர்வம் அதிகம், பேச்சில் அடுத்தவரை அமுக்கிவிடுகிறாய் என்று உதாரணத்தோடு சொன்னார். பிராங்க்ளின் அடக்கத்தையும் சேர்த்துப் பதிமூன்றாக்கினார். ஆனால் உள்ளே இருக்கும் கர்வத்தோடு மல்லுக்கு நின்று நேரத்தை வீணாக்கவில்லை. "நிச்சயமாக", "சந்தேகமே இல்லை" போன்ற சொற்களை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எனக்கு இப்போதைக்கு இப்படித் தோன்றுகிறது" என்று பேசப் பழகினார். முதலில் தன் இயல்புக்கு மாறாகத் தம் பிடித்துத்தான் செய்தாராம். போகப் போக அதுவே சுபாவம் ஆகிவிட்டது. தன் 79-ஆவது வயதில் இதையெல்லாம் எழுதும்போது, பொருள்களை ஒழுங்காக வைக்கும் விஷயத்தில் மட்டும் தான் திருந்தவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். முழுதாக ஜெயிக்காவிட்டாலும் முயற்சி செய்ததால் நல்ல மனிதனாகவும் சந்தோஷமாகவும் இருந்தேன் என்றார். அந்த ஒப்புதல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நீங்களும் "குறை காணும் குணத்தை" அறுக்கப் புறப்படாதீர்கள். ஒரு வாரம், நீங்கள் சொன்ன குறைகளை மட்டும் எழுதுங்கள், வார்த்தை மாறாமல். "காப்பியில சர்க்கரை கம்மி." "இந்த கலர் உனக்கு எடுக்கல." உங்களுக்குக் கண் கூர்மை அதிகம், பல வருஷம் ஒரு வேலையைச் சரிபார்த்தே வந்தவராக இருக்கலாம், தப்பைக் கண்டுபிடிப்பது அங்கே உங்கள் கடமையாக இருந்திருக்கும். அதே கண்ணால் காப்பி சூடாக இருந்ததையும் பார்க்க முடியும். பார்ப்பீர்கள், ஆனால் சொல்லத் தோன்றியிருக்காது, நன்றாக இருப்பதைச் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டிருப்பீர்கள். அதைச் சொல்லிவிடுங்கள். மகளிடம் முதலில், "நீ அன்னிக்கு கேட்டது நியாயமான கேள்வி" என்று தொடங்கலாம். அவள் கேட்டதை ஒரு வாரம் மனதில் வைத்திருந்து, எனக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு வந்திருக்கிறீர்கள். பாதி வேலை அங்கேயே நடந்திருக்கிறது.

கேள்வி: நீங்கள் யோசி யோசி என்கிறீர்கள், என் பிரச்சினையே யோசனைதான். ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு தப்பான எண்ணைச் சொல்லிவிட்டேன். நான்கு நாளாக ராத்திரி ரெண்டு மணி வரை அதையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் ஏன் எப்பவுமே இப்படி? (கோயம்புத்தூர், வயது 27)

பதில்: போன இதழில் நான் சொல்லாமல் விட்டது இது, என் தப்புதான். யோசிப்பதும் அசைபோடுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். மன வருத்தத்தையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருப்பவர்களுக்கு அந்த வருத்தம் இன்னும் ஆழமாகி, அதிக நாள் நீடிக்கிறது என்று சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்து காட்டினார். ஆகவே உங்களை மேலும் யோசிக்கச் சொல்ல மாட்டேன்.

எழுதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். "நான் ஏன் எப்பவுமே இப்படி" என்று எழுதினால் அடுத்த வரி என்ன? ஒன்றும் வராது, அதே வரிதான் வரும். அது நடந்த சம்பவம் இல்லை, உங்கள் மேல் நீங்களே எழுதிக்கொண்ட தீர்ப்பு. "செவ்வாய்க்கிழமை பதினோரு மணி மீட்டிங், போன வாரத்து ஷீட் திறந்திருந்தது, அதைப் பார்த்துச் சொன்னேன்" என்று எழுதினால் அடுத்த வரி தானாக வருகிறது: மீட்டிங்குக்கு முன் ஷீட்டின் தேதியைப் பார்க்க வேண்டும். அதோடு முடிந்தது. பேனாவை மூடிவிடலாம்.

உங்களுக்கு மட்டும் ராத்திரி வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு, வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிஷம். படுக்கையில் வேண்டவே வேண்டாம். மனசில் பெரிதாக ஏதாவது அழுந்திக்கொண்டிருந்தால் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை வாட்டிய அனுபவத்தை, நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து, தினம் 15 நிமிஷமாக நான்கு நாள் எழுதினார்கள். எழுதும்போது கஷ்டமாக இருந்தது, ஆனால் அதற்கடுத்த மாதங்களில் அவர்கள் உடம்பு சரியில்லை என்று கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. நான்கு நாளோடு நிறுத்திவிட்டார்கள் என்பதையும் பாருங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். தூக்கம் இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், நோட்டை மூடிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் அரசின் டெலி மனஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையில் தமிழிலேயே பேசலாம், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது.

கேள்வி: என் பையனுக்குப் பதினொரு வயது. மார்க்கைப் பற்றிப் பொய், ஹோம்வொர்க்கைப் பற்றிப் பொய். அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும் என்று நான் மறைக்கிறேன். அவனையும் நோட்டு எழுத வைக்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: வேண்டாம் அம்மா. பதினொரு வயதுப் பையனிடம் தப்பை எழுது என்று நோட்டைக் கொடுத்தால் அது இம்போசிஷன்தான், அதிலும் பொய் எழுதுவான்.

ராகுலன் கதை தெரியுமா? புத்தரின் மகன், சின்ன வயதிலேயே துறவியாக வந்துவிட்ட பிள்ளை. ஒரு நாள் புத்தர் அவன் இருந்த இடத்துக்குப் போகிறார். ராகுலன் கால் கழுவத் தண்ணீர் வைக்கிறான். புத்தர் கழுவிவிட்டு, பாத்திரத்தில் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்து, இது தெரிகிறதா என்று கேட்கிறார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவர்களிடம் துறவு இவ்வளவுதான் இருக்கும் என்கிறார். அதையும் கொட்டுகிறார். பாத்திரத்தைக் கவிழ்க்கிறார். நிமிர்த்தி உள்ளே வெறுமையாக இருப்பதைக் காட்டுகிறார். அப்புறம், கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்த்துக்கொள்வதற்கு என்கிறான் பையன். அதே போல, ஒன்றைச் செய்யும் முன்னும், செய்யும்போதும், செய்த பிறகும் பார்த்துக்கொள், இது எனக்கோ மற்றவருக்கோ தீங்காகுமா என்று. தவறிவிட்டால் பெரியவர் ஒருவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, இனி செய்யாமல் இரு. பொய்யைப் பற்றி ராகுலனுக்குச் சொன்ன இந்த அறிவுரையை எல்லோரும் அடிக்கடி கேட்க வேண்டும் என்று அசோகர் கல்லிலேயே வெட்டிவைத்தார், ராஜஸ்தானில் பைராத் பக்கம் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கடைசிப் படி. தவறினால் போய்ச் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் உண்மை சொன்னால் அடி, பொய் சொன்னால் அம்மா காப்பாற்றுவாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்குப் போடத் தெரியாதா? அவனுடைய குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவன் அப்பாவிடம் நீங்கள் பேச வேண்டும், அது கஷ்டம் என்று எனக்குத் தெரிகிறது, வேறு வழியில்லை. மார்க்குக்கு அடி கிடையாது என்று இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்து, அதை அவன் முன்னால் சொல்லி, சொன்னபடி நடங்கள். அப்புறம் ஒரு நாள், சாப்பிட்டு முடித்து அவன் நல்ல மனநிலையில் இருக்கும்போது, "அன்னிக்கு மார்க் ஷீட்டை ஒளிச்சு வச்சியே, அது பையில இருந்த ரெண்டு நாளும் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். "ஏன்டா ஒளிச்சே" என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு நாள் வயிற்றைப் பிசைந்ததை அவனே வாயால் சொல்லட்டும். நீங்களும் நீங்கள் மறைத்த கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: எழுத ஆசைதான். கூட்டுக் குடும்பம், எட்டுப் பேர், எனக்கென்று ஒரு அலமாரிகூடக் கிடையாது. எழுதியது மாமியார் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. (விழுப்புரம்)

பதில்: நியாயமான பயம். யாராவது படிப்பார்கள் என்று தெரிந்தால் கை உண்மையை எழுதாது, அழகாக எழுதப் பார்க்கும்.

பிராங்க்ளினுக்கு வேறு ஒரு சிக்கல் வந்தது. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி நோட்டுத் தாள் ஓட்டையாகிவிட்டது. தந்தத் தகடு போட்ட ஒரு குறிப்பேட்டுக்கு மாறி, புள்ளிகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டார். நமக்கு அவ்வளவு தேவையில்லை. வீட்டில் தினசரி காலண்டர் இருக்கும், ராத்திரி அன்றைய தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி, ஒரு தடவை படித்துவிட்டு, காலையில் அடுப்பு மூட்டும்போது போட்டுவிடுங்கள். கேஸ் அடுப்பு மட்டும்தான் என்றால் பொடியாகக் கிழித்துத் தண்ணீரில் போடுங்கள். எழுதுகிற அந்த நேரத்திலேயே பாதி பலன் கிடைத்துவிடும்.

ஆனால் நான் மூன்று வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்ததால்தான் அந்த ஒன்பது நாள் தெரிந்தது, அதற்கும் ஒரு வழி வேண்டும். அடுப்படியில் பால் கணக்கு குறிக்கிற மாதக் காலண்டர் தொங்குமே, அதில் அந்தந்தத் தேதிக் கட்டத்தின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி. எதற்கு என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். பால் கணக்கோடு குழம்பாமல் இருக்க வேறு கலர் பேனாவில் வையுங்கள்.